கறுப்பு டியூபைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்: நீர்வண்ணத்தில் அடர்ந்த இருளைக் கொண்டுவருவது

கேள்வி: சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைவீடுகளையும் அவற்றின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதைகளையும் வாட்டர்கலரில் வரைந்து பழகுகிறேன். ஈரமாக இருக்கும்போது நன்றாகத் தெரிகிற படம் காய்ந்ததும் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. சரி என்று கறுப்பை எடுத்துப் பூசினால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. அடர்ந்த இருளை எப்படி வைப்பது?

பதில்:

உங்கள் கேள்விக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. படம் காய்ந்ததும் வெளுத்துப்போவது தண்ணீர்க் கணக்கில் வரும் பிழை. கறுப்பு ஓட்டையாகத் தெரிவது, அதை எங்கே வைத்தோம், அதன் விளிம்பை என்ன செய்தோம் என்பதில் வரும் பிழை. இரண்டுக்குமே டியூபை மாற்றுவது மருந்தல்ல. தண்ணீரைச் சரிசெய்தால் இரண்டாவது கோளாறும் பாதி குறைந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓவியர்கள் 'வேல்யூ' என்று சொல்வது ஒரு நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டுமே. சிவப்பா பச்சையா என்ற பேச்சு அதில் வராது. தாளின் வெண்மையை 1 என்றும், உங்கள் பெட்டியிலிருந்து எடுக்க முடிந்த ஆக அடர்ந்த கருமையை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பழகுகிறவர்களின் படங்களில் பெரும்பாலும் எல்லாமே 2க்கும் 6க்கும் நடுவில் நின்றுவிடும். 8, 9, 10 என்ற மூன்று படிகளும் தொடப்படாமலே கிடக்கும். தொட்டுவிட்டோம் என்று ஈரத்தில் நினைத்தது, காய்ந்த பிறகு பார்த்தால் 6 ஆக இருக்கும்.

ஏன் வெளுக்கிறது

மழை ஓய்ந்த பிறகு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சிமெண்டு நடைபாதையைப் பாருங்கள். நனைந்த இடம் கறுத்தும், காய்ந்த இடம் வெளிறியும் இருக்கும். சிமெண்டின் நிறம் மாறவில்லை. நுண்துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதால் ஒளி மேலேயே சிதறாமல் உள்ளே போய் உறிஞ்சப்படுகிறது. தாளிலும் இதேதான் நடக்கிறது. ஈரம் இருக்கும்வரை நிறமித் துகள்களுக்கும் தாளின் இழைகளுக்கும் நடுவே தண்ணீர். அது ஆவியானதும் அங்கே காற்று. மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் பத்துப் படி அளவில் ஒன்றிலிருந்து இரண்டு படி வரை நிறம் இறங்கும். நிரப்பிப் பொருள் அதிகம் கலந்த மாணவர் தர வண்ணத்தில் இன்னும் இறங்கும். பேய்ன்ஸ் கிரே என்ற நீலம் கலந்த சாம்பல் இதில் பெயர்போனது: டியூபிலிருந்து வரும்போது கன்னங்கரேல் என்றிருக்கும், காய்ந்ததும் நடுத்தரச் சாம்பல்.

ஆகவே ஈரத்தில் 'சரியாக இருக்கிறது' என்று தோன்றினால் அது போதாது. 'ஐயோ, கூடிவிட்டதோ' என்று மனம் பதறும் அளவுதான் காய்ந்ததும் சரியாக நிற்கும். பதற்றத்தை நம்ப வேண்டாம் என்றால் சோதனைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையும் அதே தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, கலந்த நிறத்தை அதில் பூசி, முழுக்கக் காயவிட்டு, படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வேறு தாளில் செய்த சோதனை பயன்படாது. ஒவ்வொரு தாளும் நிறத்தை வேறு அளவில் உறிஞ்சும்.

தண்ணீர்க் கணக்கு

நீர்வண்ணத்தில் அடர்த்தியைத் தீர்மானிப்பது தண்ணீரும் நிறமியும் இருக்கும் விகிதம். காப்பிக்கடை மேசையை வைத்தே இதைச் சொல்லலாம். வானத்துக்கும் முதல் வாஷுக்கும் (வாஷ் என்பது ஒரே போக்கில் பரப்பும் பூச்சு) வேண்டியது தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், போன்ற பதம். கிண்ணத்தைச் சாய்த்தால் உடனே ஓடும். நடுத்தர வேல்யூக்களுக்குப் பால் பதம். வெளிச்சம் கலந்த நிழல்களுக்குக் கெட்டி மோர். உண்மையான இருளுக்கு வேண்டியது டின்னிலிருந்து கரண்டியில் எடுக்கும் கெட்டிப்பாலின் பதம். தட்டைச் சாய்த்தால் யோசித்து யோசித்துத்தான் நகரும். இதற்கும் மேலே, டியூபிலிருந்து அப்படியே எடுத்த பசை ஒன்று உண்டு. அதை மிளகு அளவு புள்ளிகளுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

பலர் எட்டாவது படியைப் பால் பதத்தில் தேடுகிறார்கள். கிடைக்காது. கிடைக்கவில்லை என்று அதன் மேலேயே நான்கு முறை பூசுகிறார்கள். ஒவ்வொரு பூச்சும் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கரைத்துக் கலக்கிவிடும், தாளின் மேற்பரப்பும் தேயும். கடைசியில் அடர்த்தி வந்திருக்கும், ஒளி போயிருக்கும். சேறு என்று சொல்வது பெரும்பாலும் இப்படி உருவாவதைத்தான்.

உள்ளங்கை அளவுள்ள ஓர் இருண்ட வாசலுக்கு, கொண்டைக்கடலை அளவு அல்ட்ராமரீன் நீலமும் அதில் பாதி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் பிதுக்கி வையுங்கள். தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி எடுத்து, அதில் மிஞ்சிய ஈரத்தோடு கலக்குங்கள். இறுகினால் நான்கைந்து துளி தண்ணீர் சேர்க்கலாம். கலவை எப்போதும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். பாதி வாசலைப் பூசும்போது தீர்ந்துபோய் மறுபடி கலக்கப் போனால், அதற்குள் முதல் பாதியின் விளிம்பு காய்ந்து கோடாகிவிடும்.

தூரிகையில் இருக்கும் தண்ணீரைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கலவை சரியாக இருக்கும். ஆனால் அலசிய தூரிகையைத் துடைக்காமல் அதில் முக்கினால் அதன் வயிற்றில் இருக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் தே ஓ ஆக்கிவிடும். கைப்பிடிக்குள் தண்ணீர் அடைத்த வாட்டர்பிரஷ் இதில் மோசமானது. அது நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பதால் 7க்கு மேல் ஏறுவது மிகக் கடினம். வெளியில் வரைய அதை எடுத்துப்போகிறவர்கள் இருளுக்கென்று 8 அல்லது 10ஆம் எண் சாதாரண உருண்டைத் தூரிகை ஒன்றும் ஒரு துண்டுத் துணியும் கூட வைத்துக்கொள்வது நல்லது. டியூபுக்குப் பதிலாகச் சிறு கிண்ணத்தில் காய்ந்த கட்டியாக வரும் பேன் (pan) வண்ணம் பயன்படுத்துகிறவர்கள் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே அடர் நிறங்களின் மேல் இரண்டு மூன்று துளி தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். காய்ந்த கட்டியைத் தேய்த்து எடுத்தால் நிறமியைவிடத் தண்ணீர்தான் அதிகம் வரும்.

எந்த நிறங்கள் இருளும்

எல்லா டியூபும் 10ஐத் தொடாது. கோபால்ட் புளூ, செருலியன், யெல்லோ ஓக்கர், விரிடியன் இவற்றை எவ்வளவு கெட்டியாகப் பூசினாலும் நடுத்தரத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். கோபால்ட்டை வைத்து இருளைத் தேடுவது வீண் உழைப்பு. அல்ட்ராமரீன், இண்டாந்த்ரோன் புளூ, தாலோ புளூ, தாலோ கிரீன், பெரிலீன் மரூன், டயாக்சஸீன் வயலட், பர்ன்ட் அம்பர், செபியா ஆகியவை நன்றாக இருளும்.

இரண்டு ஜோடிகள் கைவசம் இருந்தால் போதும் என்பது என் கருத்து. முதலாவது மேலே சொன்ன அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். நீலம் கூடினால் குளிர்ந்த இருள், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான இருள். இந்தக் கலவை தாளில் லேசாகத் துகள் பிரிந்து படியும். பழைய சுவருக்கும் மரத்தூணுக்கும் அழகாகப் பொருந்தும். பிறகு ஈரத் தூரிகையால் ஓரளவு ஒற்றி எடுக்கவும் முடியும். இரண்டாவது ஜோடி தாலோ கிரீனும் அலிசரின் வகைச் சிவப்பும். இது முதல் ஜோடியைவிட ஆழமாக இறங்கும், ஏறக்குறைய முழுக் கறுப்பு வரை. ஆனால் தாலோ தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், வைத்தால் வைத்ததுதான். அலிசரின் வாங்கும்போது டியூபில் நிறமி எண்ணைப் பாருங்கள். பிஆர் 83 என்றிருந்தால் அது ஒளியில் மங்கும் பழைய வகை. நம் ஊர் வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு போய்ப் பச்சை மிஞ்சும். 'பெர்மனென்ட்' என்ற அடைமொழியோடு வரும் மாற்று வகைகளையோ, பெரிலீன் மரூனையோ (பிஆர் 179) எடுங்கள்.

ஆயத்தக் கறுப்பு தீண்டத்தகாதது ஒன்றுமல்ல. நியூட்ரல் டின்ட், ஐவரி பிளாக் இரண்டையும் பொறுப்பாகப் பயன்படுத்தலாம். உங்கள் படத்தில் அது ஓட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம், மற்ற எந்த இடத்திலும் இல்லாத ஒரு நிறம் ஒரே சீராக, நாலு பக்கமும் கூர்மையான விளிம்போடு வந்து உட்கார்ந்ததுதான். அதே கறுப்போடு படத்தில் ஏற்கெனவே இருக்கும் சிவப்போ நீலமோ சேர்ந்திருந்தால் அது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

நிறங்களைத் தட்டில் முழுக்கக் கலக்கிவிடாமல், பாதியைத் தாளிலேயே கலக்கவிடுவது இன்னும் நல்லது. வாசலின் ஒரு பக்கம் கெட்டியான சியன்னாவை வைத்து, அது மினுமினுக்கும்போதே அல்ட்ராமரீனை அருகில் வைத்துத் தொடவிடுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். இரண்டும் தாமாகப் போய்ச் சேரும் இடத்தில் வரும் இருளுக்குள் நீலமும் செம்மையும் கண்ணுக்குத் தெரியும். கிளறினால் அது செத்துவிடும்.

நிழல் வேறு, இருள் வேறு

கடைவீடு வரையும்போது எல்லோரும் தடுக்குவது இங்கேதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. அந்நேரம் நிழல்கள் நீளாமல் பொருள்களுக்கு அடியிலேயே ஒடுங்கிக்கொள்ளும். சாலை கண்ணைக் கூசும், ஐந்தடி நடைபாதை குகைபோல் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்தால் அந்தக் குகை மொத்தமும் ஒரே கறுப்பு. கேமரா வெளிச்சமான சாலைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வரும் பொய் அது. அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தால் உங்கள் ஓவியத்திலும் அந்தப் பொய் வரும்.

நேரில் நின்று அரை நிமிடம் உள்ளே பாருங்கள். வெயில்பட்ட தரை ஓடுகளிலிருந்து ஒளி எழும்பி நடைபாதையின் கூரையில் அடித்திருக்கும். கூரை வெதுவெதுப்பான மஞ்சள் சாம்பல். அதன் வேல்யூ 5 இருக்கலாம். உள்சுவர் 6 அல்லது 7. திறந்த கடை வாசலுக்குள் 8. பலகைக்கு அடியில், சாக்கு மூட்டைகளின் இடுக்கில், கதவு மடங்கும் மூலையில் மட்டும்தான் 9, 10. வெள்ளைத் தூணின் மேல் விழும் நிழலோ வெறும் 4. அதை 7இல் பூசினால் தூண் வெள்ளையாகவே தெரியாது, சாம்பல் பூசிய தூணாகிவிடும்.

எதை எந்தப் படியில் வைப்பது என்று தெரிய, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த கருவி இல்லை. இமைகளை முக்கால்வாசி மூடினால் விவரம் அழிந்து, வெளிச்சம், நடு, இருள் என்ற மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும். எந்தெந்தப் பொருள்கள் அப்போது ஒன்றாகக் கலந்துபோகின்றனவோ அவற்றைத் தாளிலும் கலந்துபோகவிடுங்கள். வெளிச்சமும் மிகையாகிவிடக்கூடாது, வெயிலில் இருக்கும் சுவரில் 1 என்ற வெறும் தாளைச் சிறு பகுதிக்கு மட்டும் ஒதுக்கி, மற்றதற்கு மெல்லிய 2 கொடுத்தால் அந்த வெண்மைக்கு மதிப்பு கூடும்.

முதல் வாஷுக்கு முன்பே முடிவு

கையளவுச் சிறு கட்டம் ஒன்று, 5க்கு 7 சென்டிமீட்டர். 4பி பென்சில். இரண்டு நிமிடம். வெளிச்சத்தைத் தொடாமல் விட்டு, நடுத்தரத்தை ஒரே சாய்வில் தீட்டி, இருளை அழுத்தித் தீட்டுங்கள். இதில் விவரம் எதுவும் வேண்டாம். பிறகு இருண்ட திட்டுகளை எண்ணுங்கள். தனித்தனியாக ஏழெட்டுக்கு மேல் இருந்தால் படம் மிளகு தூவிய மாதிரி ஆகப்போகிறது என்று பொருள். அவற்றை இணைக்க வழி தேடுங்கள்: வாசலின் இருள் மிதிவண்டிக்குள் இறங்கட்டும், மிதிவண்டி தரை நிழலில் கரையட்டும், அந்த நிழல் தூணின் அடிவரை ஓடட்டும். ஐந்து சிறு இருள்களைவிட ஒரு நீண்ட, கிளைவிட்ட இருள் படத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

எவ்வளவு இருள் வேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லை. பகல் வெளிச்சக் காட்சி என்றால் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு 8க்கு மேலே இருப்பது நல்ல தொடக்கம். 10 என்பது அதற்குள்ளும் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும், நீங்கள் பார்க்கச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில்.

சிங்கப்பூர் ஓவியர்களிலேயே இதைப் படிக்க நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லிம் செங் ஹோ (1912–1979), 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்ற ஓங் கிம் செங் இருவருமே சிங்கப்பூர் ஆற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள். அவர்களுடைய படங்களின் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, ஆக அடர்ந்த பகுதிகளை மட்டும் விரலால் மறைத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பகுதிகளை மட்டும் பென்சிலில் நகலெடுங்கள். பத்து நகல்கள் போதும், இருள் எங்கே கூடுகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

தாளில் வைப்பது

வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போ என்று நீர்வண்ணத்தில் சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஒரு சிக்கல் வரும்: வெறும் வெள்ளைத் தாளின் நடுவே எந்த நிறமும் இருண்டதாகத்தான் தெரியும். 4இல் பூசிவிட்டு 7 என்று நம்புவோம். அதனால் முதல் வாஷ் காய்ந்ததும், பாதுகாப்பான ஓர் இடத்தில், உதாரணமாக வாசலின் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு உண்மையான 9ஐ வைத்துவிடுங்கள். சுருதிப் பெட்டிபோல் அது. அதற்குப் பிறகு வைக்கும் ஒவ்வொரு நடுத்தர நிறத்தையும் அதோடு ஒப்பிட்டே வைப்பீர்கள்.

பெரிய இருளை வைக்கும்போது தாள் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தூரிகை நிறையக் கலவையை எடுத்து, மேலிருந்து கீழாக, நெருக்கமான பட்டைகளாக இறக்குங்கள். ஒரே போக்கு. போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். நடுவில் ஒரு பொட்டு வெள்ளைத் தாள் விட்டுப்போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது ஒரு பாத்திரத்தின் மினுக்காகவோ சட்டையின் ஓரமாகவோ மாறிக்கொள்ளும்.

விளிம்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் இருண்ட திட்டுக்கும் ஒரு பக்கமாவது கரைந்துபோக வேண்டும். வைத்த பத்துப் பதினைந்து வினாடிக்குள், அலசிப் பிழிந்த தூரிகையால் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மட்டும் தொட்டு வெளியே இழுங்கள். தூரிகை ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. சொட்டினால் அந்தத் தண்ணீர் இருளுக்குள் பாய்ந்து, காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் அதைவிட ஈரமான எதையும் வைக்கக்கூடாது என்ற ஒரே விதியை மனதில் வைத்திருந்தால் இந்தப் பூ பூக்கவே பூக்காது. கூர்மையான விளிம்பைக் கண் விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே அதை முகத்தருகே, தூணின் வெயில் பக்கத்தருகே என்று வேண்டிய இடத்துக்குச் சேமித்து வையுங்கள்.

காய்ந்த பிறகு இருள் பளபளவென்று எண்ணெய் பூசியதுபோல் மின்னினால் கலவை மிகக் கெட்டி. நிறமியைப் பிடித்துவைக்கும் கருவேலம் பிசின் மேலே படிந்திருக்கிறது. தாலோ, டயாக்சஸீன் நிறங்களில் செம்பு மினுக்கும் சேர்ந்து வரும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் இருள், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பளபளப்பு. அதனால்தான் பசைப் பதத்தைப் புள்ளிகளோடு நிறுத்தச் சொன்னேன்.

நம் ஊர்க் காட்சிகளில்

பஃபலோ ரோட்டின் பூக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகைச் சரத்தை வெள்ளையால் வரைய முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் இருளால்தான் வரைய முடியும். சரங்கள் தொங்கும் இடத்தை முதலில் மிக மெல்லிய பச்சை கலந்த சாம்பலில் பூசிக் காயவிடுங்கள். பிறகு சரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை, கடைக்குள்ளே தெரியும் இருளாக, 8இல் வெட்டி வெட்டி வையுங்கள். சரத்தின் ஓரம் மொட்டு மொட்டாக நெளிய வேண்டும் என்பதால் 4ஆம் எண் கூர்நுனித் தூரிகை தேவை. ஒவ்வோர் இடைவெளியையும் வெட்டிக்கொண்டிருந்தால் வேலி மாதிரி ஆகிவிடும். மேலே மூன்று நான்கை மட்டும் தெளிவாக வெட்டி, கீழே சரங்களை ஒன்றோடொன்று கலந்துபோக விடுங்கள்.

கோபுரத்தில் நேர்மாறான ஆபத்து. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தில் இருக்கும் அத்தனை சுதைச் சிற்பங்களுக்கும் அடியில் ஒரு கறுப்புக் கோடு போடத் தோன்றும். போட்டால் கோபுரம் சிதறிவிடும். நிழல் பக்கம் முழுவதையும் ஊதா கலந்த ஒரே வாஷில் 4 அல்லது 5க்கு இறக்குங்கள், சிற்பங்களையும் சேர்த்தே. அது காய்ந்ததும் 7இல் நிலை நிலையாக இருக்கும் திறப்புகளையும் சில மாடங்களையும் மட்டும் தொடுங்கள். 9 என்பதைக் கீழே நுழைவாயிலின் உட்புறத்துக்கு விட்டுவைத்தால் கோபுரத்தின் எடை தரையில் இறங்கி நிற்கும்.

தூங்குமூஞ்சி மரத்தில் இலைக்கூட்டத்தைவிடக் கிளைகள்தான் இருள். குடைபோன்ற விதானத்தின் அடிப்பாகத்தில், பெருங்கிளை இலைக்குள் நுழைந்து மறையும் இடத்தில் ஆழம் கூடும். தாலோ கிரீனில் பெரிலீன் மரூன் கலந்தால் உயிருள்ள கரும்பச்சை கிடைக்கும். வானம் தெரியும் ஓட்டைகளுக்குக் குறுக்கே கிளையை வரைய மறக்காதீர்கள்.

ஆற்றில் நிற்கும் படகுகளுக்கு ஒரு குறிப்பு போதும்: இருண்ட பொருளின் பிரதிபலிப்பு அந்தப் பொருளைவிடச் சற்று வெளுப்பாகவும், வெளிச்சப் பொருளின் பிரதிபலிப்பு அதைவிடச் சற்று அடர்ந்தும் இருக்கும். படகின் பக்கவாட்டில் தொங்கும் டயர்கள் 9 என்றால் தண்ணீரில் அவை 7.

தீபாவளி விளக்கொளியில் சிராங்கூன் ரோட்டை வரைய வேண்டுமானால் வரிசையே மாறுகிறது. விளக்குகளின் நடுவில் வெறும் தாள், சுற்றி மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு என்று ஈரத்தில் ஈரமாகப் பரவவிட்டு முழுதும் காயவையுங்கள். அடுத்து வானத்துக்கும் கட்டடங்களுக்கும் வெதுவெதுப்பான நடுத்தர வாஷ் ஒன்று, பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் சிவப்பு சேர்த்து. அதுவும் காய்ந்த பிறகுதான் இண்டாந்த்ரோன் நீலத்தில் பெரிலீன் மரூன் கலந்த பெரிய இருள். அடியில் இருக்கும் செம்மை அந்த நீலத்தின் வழியே கசிந்து தெரியும். நகரத்து இரவுவானம் அப்படித்தான் இருக்கிறது. விளக்கைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். முழுத் தாளில் கால் பங்கு அளவுப் படத்துக்கே இந்தக் கடைசிக் கலவை ஒரு சிறு கிண்ணம் நிறைய வேண்டியிருக்கும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிக் காக்கும் மாஸ்கிங் திரவம் தடவியிருந்தால் நம் வெப்பத்தில் அதை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். தாளோடு ஒட்டிக்கொண்டு இழையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஈரக்காற்று செய்யும் வேலை

இங்கே காற்றின் ஈரப்பதம் அதிகாலையில் 90 விழுக்காட்டுக்கும் மேலே போகும். மூன்று விளைவுகள். முதலாவது, வெளியில் வரையும்போது அடி வாஷ் காய்ந்ததுபோல் தெரியும், காய்ந்திருக்காது. அதன் மேல் வைத்த இருள் ஓரம் பிசிறி மங்கிவிடும். குளிர்சாதன அறையில் இதற்கு நேர்மாறாக, விளிம்பைக் கரைப்பதற்குள் அது காய்ந்துவிடும். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், ஆனால் தாளின் மினுமினுப்பு போன பிறகே. அதற்கு முன் ஊதினால் தேங்கிய நிறம் ஓடிக் கோடுபோடும்.

இரண்டாவது, தேன் சேர்த்த வண்ணங்கள் இங்கே பெட்டியில் இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு மூடிய பெட்டியில் பூஞ்சையும் பிடிக்கும். வரைந்து முடித்ததும் மூடியைத் திறந்து காயவையுங்கள்.

மூன்றாவதுதான் இருளை நேரடியாகக் கெடுப்பது. தாளின் மேல் இருக்கும் சைஸிங் என்னும் பசைப்பூச்சு ஈரத்தில் காலப்போக்கில் கெட்டுவிடும். வெள்ளைத் தாளாகப் பார்த்தால் தெரியாது. அடர்ந்த வாஷ் வைத்தவுடன் அங்கங்கே நிறம் உள்ளே உறிஞ்சப்பட்டு, திட்டுத்திட்டாகப் புள்ளிகள் தோன்றும். எந்தத் திறமையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளைக் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கேமராவுக்கு டிரை கேபினட் என்னும் ஈரம் நீக்கும் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே வைக்கலாம். பழைய கட்டிலிருந்து எடுத்த தாள் என்றால் மூலையில் ஒரு கோடு அடர்நிறம் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே வெளுத்துப்போன படங்கள்

அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம், பயிற்சிக்கு அவைதான் சிறந்தவை. ஒன்றை எடுத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடியுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், படத்தில் இருளாக நீங்கள் நினைத்திருந்த இடங்களைத் தேர்ந்து, கெட்டிப்பால் பதத்தில், ஒரே ஒரு பூச்சு. பழைய திட்டு முழுவதையும் மூடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது அப்படியே தெரியவிட்டால் அதுவே அந்த இருளின் வெளிச்சப் பக்கமாகிவிடும். தூரிகையைத் தேய்க்காமல், வைத்துவிட்டு நகருங்கள். அடியில் அல்ட்ராமரீன் கலவை இருந்தால் இரண்டாவது தடவலிலேயே அது கிளம்பி வந்துவிடும்.

கறுப்பு ஓட்டை விழுந்த படத்துக்கு வைத்தியம் வேறு. ஓட்டையின் ஒரு பக்க விளிம்பைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, கொஞ்சம் விறைப்பான தூரிகையால் மெல்லத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றுங்கள். விளிம்பு தளர்ந்ததும், பக்கத்துச் சுவரின் நிறத்தை மெல்லியதாக அந்த எல்லையைத் தாண்டி உள்ளே இழுத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே இருக்க வேண்டிய ஏதோ ஒன்றை, ஒரு நாற்காலியின் முதுகையோ தொங்கும் பையின் பிடியையோ, பிளேடின் முனையால் லேசாகச் சுரண்டியோ அடியில் இருப்பதை மறைக்கும் வெள்ளை கூவாஷ் வண்ணத்தில் ஒரு கோடு வைத்தோ காட்டலாம். சுரண்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். சுரண்டிய இடத்தில் மறுபடி நிறம் பட்டால் அது மற்ற எல்லா இடத்தையும்விடக் கறுப்பாக உறிஞ்சிக்கொள்ளும்.